கம்ப்யூட்டர் ஊருக்கு வந்த கதை – 23: இனிமேல் சிடி கிடையாது

விண்டோஸ் எக்ஸ்பி கொடிகட்டிப் பறந்த நாட்களில், சங்கரன்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் சர்வீஸ் பார்க்க வந்தவர் கேட்கும் முதல் கேள்வி, “அண்ணாச்சி, ஓஎஸ் சிடி வச்சிருக்கீங்களா?” என்பதுதான். பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் எந்த பீரோவில் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் தோள்பையைத் திறந்து சிடி பவுச்சை எடுப்பார். வெள்ளி நிறத் தட்டின் மேல் மார்க்கர் பேனாவால் ‘எக்ஸ்பி எஸ்பி2’ என்று கிறுக்கியிருக்கும். அதற்குக் கீழே ஐந்து ஐந்தாகப் பிரித்த 25 எழுத்துகள். அதுதான் சாவி. ஊரில் பல கம்ப்யூட்டர்களுக்கும் அந்த ஒரே சாவிதான்.

சிடியை உள்ளே தள்ளியதும், கறுப்புத் திரையில் ஏதாவதொரு பட்டனை அழுத்தச் சொல்லி ஒரு வரி வந்து சில நொடிகளில் மறையும். அந்த நேரத்தில் கை கீபோர்டில் இருக்க வேண்டும். தவறினால் மறுபடி ரீஸ்டார்ட். அடுத்து நீலத்திரை. எஃப்8 அழுத்தி, யாரும் படிக்காத ஒப்பந்தத்துக்குச் சம்மதம். சி டிரைவைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட். கோப்புகள் ஏறி முடிந்து திரைக்கு வண்ணம் வந்ததும், இடது ஓரத்தில் ‘முடிய இன்னும் 39 நிமிடங்கள்’ என்று தெரியும். எந்த ஊர் மெஷினாக இருந்தாலும் எக்ஸ்பி சொல்லும் கணக்கு 39-தான். பழைய பென்டியம் என்றால் ஒரு மணி நேரம்கூட இழுக்கும். வீட்டுக்காரர் காபி கொண்டுவந்து வைக்க, சர்வீஸ்காரர் அடுத்த வீட்டு பிரிண்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

ஊருக்குள் பிரவுசிங் சென்டர்கள் முளைத்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். அந்த சிடி பவுச் எப்படிக் காலியானது என்பது இந்த இதழின் கதை. முடிவெடுத்தது கலிஃபோர்னியாவில். அது இங்கே வந்து சேர்ந்தது பல ஆண்டுகள் கழித்து, வேறொரு வழியில்.

தமிழ் படிக்கவும் சிடி

ஓஎஸ் என்றால் தட்டு என்ற பழக்கம் வெகுநாள் பழக்கம். 1995 ஆகஸ்ட் 24-ம் தேதி விண்டோஸ் 95 வந்தபோது, சிடி டிரைவ் இல்லாதவர்களுக்காக அதை 13 ஃப்ளாப்பிகளில் அடைத்து விற்றார்கள். பத்தாவது ஃப்ளாப்பியில் ஒரு கீறல் இருந்தால் அதுவரை போட்டதெல்லாம் வீண். 650 முதல் 700 எம்பி வரை கொள்ளும் சிடி வந்து அந்தத் தொல்லையைத் தீர்த்தது. 2001 அக்டோபர் 25-ல் வெளியான எக்ஸ்பி ஒரே சிடியில் அடங்கியது. 2007 ஜனவரியில் வந்த விஸ்டாவுக்கு சிடி போதவில்லை, டிவிடி தேவைப்பட்டது.

தமிழருக்கு அந்த சிடியிடம் தனியாக ஒரு வேலை இருந்தது. விண்டோஸ் 2000-லேயே யுனிகோடு தமிழும் லதா எழுத்துருவும் வந்துவிட்டன. ஆனால் எக்ஸ்பியில் அந்த வசதி தூங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்பினால்தான் உண்டு. கன்ட்ரோல் பேனலுக்குப் போய், மொழிகளுக்கான பகுதியைத் திறந்து, இந்திய மொழிகள் போன்ற சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவும் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அடித்தவுடன் கம்ப்யூட்டர் கேட்கும்: எக்ஸ்பி சிடியைப் போடு. சிடி இல்லை என்றால் யுனிகோடு தமிழ்த் தளங்கள் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். விவரம் தெரிந்த சர்வீஸ்காரர்கள் ஓஎஸ் போடும்போதே சிடியிலுள்ள ஐ386 என்ற ஃபோல்டரை டி டிரைவில் நகலெடுத்து வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்த முறை சிடி கேட்டால் அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். விஸ்டா வந்த பிறகுதான் தமிழ் எந்தத் தட்டையும் கேட்காமல் தானாகத் தெரிந்தது.

சிடி வந்த வழிகள்

சங்கரன்கோவில் போன்ற ஒரு ஊருக்கு ஓஎஸ் சிடி வந்து சேர மூன்று நான்கு வழிகள் இருந்தன.

பிராண்டட் கம்ப்யூட்டர் வாங்கியவருக்குப் பெட்டியோடு வந்தது முதல் வழி. சொந்தமாக அசெம்பிள் செய்தவர்கள்தான் அதிகம் என்பதால் அது சிறுபான்மை. இரண்டாவது, பத்திரிகைகள். டிஜிட், பிசி குவெஸ்ட் போன்ற ஆங்கில இதழ்களின் உறையில் சிடி ஒட்டியிருக்கும். பிசி குவெஸ்ட் தன் பெயரிலேயே லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ்ஸின் ஒரு பதிப்பைத் தொகுத்து வாசகருக்குக் கொடுத்தது. 2003-ல் தொடங்கிய லினக்ஸ் ஃபார் யூ இதழும் சிடியோடு வந்தது. நெட் இல்லாத ஊர்களில் படித்த இளைஞர்கள் லினக்ஸ் என்ற பெயரையே இந்த இதழ்களில்தான் பார்த்தார்கள்.

மூன்றாவது வழி எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் வெளியே பேசாதது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ மதுரையிலோ கிடைத்த காப்பி சிடி, பொதிகை எக்ஸ்பிரஸில் ஒருவரின் பையில் ஏறி வந்து, ஊரில் பத்துப் பதினைந்தாகப் பெருகும். இந்தியாவில் கம்ப்யூட்டர்களில் ஏற்றப்பட்ட மென்பொருளில் 63 சதவீதம் உரிமமில்லாதவை என்று மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பிஎஸ்ஏ 2011-ம் ஆண்டுக்கு வெளியிட்ட கணிப்பு சொன்னது. காலி சிடிக்கும் பஞ்சமில்லை. உலகின் மிகப்பெரிய தட்டு உற்பத்தியாளர்களில் ஒன்றாக இருந்த மோசர் பேர், டெல்லிக்குப் பக்கத்தில் நொய்டாவில் தொழிற்சாலை வைத்திருந்த இந்திய நிறுவனம். தமிழ்ப் படங்களின் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் பெட்டிக்கடை வரைக்கும் கொண்டுவந்து கொடுத்ததும் அதே நிறுவனம்தான்.

நான்காவது வழி தபால்காரர். 2004 அக்டோபரில் உபுண்டு லினக்ஸ் பிறந்தபோது, அதை நடத்திய கனானிக்கல் நிறுவனம் ‘ஷிப்இட்’ என்று ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. ஒரு படிவத்தை நிரப்பி முகவரி கொடுத்தால் உலகத்தின் எந்த மூலைக்கும் சிடியை இலவசமாக அனுப்புவார்கள். தபால் செலவும் அவர்களுடையதே. சில வாரங்களில் நெதர்லாந்திலிருந்து ஒரு கவர் வரும். உள்ளே அட்டை உறையில் சிடி. பொறியியல் கல்லூரி விடுதிகளில் இந்த அட்டை உறைகள் ஒரு காலத்தில் அறைக்கு அறை கிடந்தன. சென்னையில் 1998 முதல் கூடிவந்த லினக்ஸ் பயனர் குழு போன்ற இடங்களிலும் சிடி கைமாறுவது சகஜம்.

ராத்திரி இரண்டு மணி

இத்தனை வழிகள் ஏன் தேவைப்பட்டன? நெட்டில் இறக்கிக்கொள்ள முடியாதா என்று இன்றைய மாணவர் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை தெரியும்.

2004 ஆகஸ்டில் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எஸ்பி2 தொகுப்பின் அளவு சுமார் 266 எம்பி. டயல்அப் இணைப்பில் நொடிக்கு 5 கேபி வந்தால் நல்ல நாள். அந்த வேகத்தில் எஸ்பி2 இறங்கப் பதினைந்து மணி நேரம். அவ்வளவு நேரமும் வீட்டு போன் பிஸியாகவே இருக்கும். பில்லும் ஏறிக்கொண்டே இருக்கும். வேண்டியவர்களுக்கு சிடியாகவே தபாலில் அனுப்ப மைக்ரோசாஃப்டும் ஏற்பாடு செய்தது இதனால்தான். முழு ஓஎஸ் சிடி 700 எம்பி என்றால், டயல்அப்பை அதன் உச்ச வேகமான 56 கிலோபிட்டில் ஓடவிட்டாலும் 28 மணி நேரம் ஆகும்.

2005 ஜனவரி 14-ம் தேதி, பொங்கல் நாளில், பிஎஸ்என்எல் தன் பிராட்பேண்டைத் தொடங்கியது. 256 கிலோபிட் வந்தால் அது பிராட்பேண்ட் என்பது அன்றைய அரசு இலக்கணம். மாதம் 500 ரூபாய் திட்டத்தில் டேட்டாவுக்கு உச்சவரம்பு உண்டு. தாண்டினால் எம்பிக்கு இவ்வளவு என்று தனிக்கட்டணம். ஆனால் அதில் ஒரு சலுகை இருந்தது: அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது.

256 கிலோபிட்டில் 700 எம்பி சிடி இறங்க ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். சலுகை நேரமும் ஆறு மணி நேரம். அலாரம் வைத்து இரண்டு மணிக்கு எழுந்து, டவுன்லோடு மேனேஜரைத் தட்டிவிட்டுப் படுப்பது அந்தத் தலைமுறையின் சடங்கானது. நேரம் குறித்து வைத்தால் தானே தொடங்கித் தானே நிறுத்தும் மென்பொருள்கள் அப்போது பிரபலமானதும் இதனால்தான். காலை எட்டு மணிக்குள் முடியாத மீதி, அடுத்த ராத்திரிக்கு. 2007 ஜனவரியில் பிஎஸ்என்எல் வேகத்தை 2 மெகாபிட் வரை உயர்த்தியபோது சிடி ஒரு மணி நேரத்துக்குள் இறங்கியது. அதற்குள் ஓஎஸ்கள் டிவிடி அளவுக்குப் பருத்துவிட்டன.

இறக்கியவர் அதைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. ஒருவர் ராத்திரி கண்விழித்து இறக்கியதை நீரோ மென்பொருளில் சிடியாக பர்ன் செய்தால், மறுநாளே தெருவில் நான்கு பேருக்கு அது போய்ச்சேரும். ஊர்ப் பொதுக்கிணறு போல ஒருவர் தோண்டியதில் எல்லோரும் இறைத்துக்கொண்டார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் 2011-ஐப் பார்க்க வேண்டும்.

2011: ஆறு மாதத்தில் மூன்று செய்திகள்

முதல் செய்தி ஏப்ரலில். ஷிப்இட்டை நிறுத்துவதாக கனானிக்கல் அறிவித்தது. நெட் பரவிவிட்டது, இனி இறக்கிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

இரண்டாவது செய்தி ஜூனில். 6-ம் தேதி சான்பிரான்சிஸ்கோவின் மாஸ்கோன் அரங்கில் ஆப்பிளின் டெவலப்பர் மாநாடு. மேக் கம்ப்யூட்டருக்கான புதிய ஓஎஸ் ‘லயன்’, மேக் ஆப் ஸ்டோர் என்ற இணையக் கடையில் மட்டுமே கிடைக்கும் என்று ஆப்பிளின் மார்க்கெட்டிங் தலைவர் ஃபில் ஷில்லர் மேடையில் அறிவித்தார். விலை 29.99 டாலர், அளவு சுமார் 4 ஜிபி. டிவிடி கிடையாது. ஒரு பெரிய நிறுவனம் தன் முக்கிய ஓஎஸ் அப்கிரேடைத் தட்டே இல்லாமல் விற்கத் துணிந்தது பெரிய மாற்றம். இரண்டு ஆண்டுக்கு முன் வந்த ஸ்னோ லெப்பர்டை அதே ஆப்பிள் 29 டாலர் டிவிடியாக விற்றிருந்தது. ஜூலை 20-ம் தேதி லயன் வெளியானது. முதல் நாளிலேயே பத்து லட்சத்துக்கு மேல் இறக்கப்பட்டதாக ஆப்பிள் சொன்னது.

ஒரு நிபந்தனை இருந்தது. லயனை வாங்க ஆப் ஸ்டோர் வேண்டும். ஆப் ஸ்டோர் இருக்க ஸ்னோ லெப்பர்ட் வேண்டும். அதற்கும் பழைய ஓஎஸ் வைத்திருந்தவர், டிவிடி இல்லாத அப்கிரேடுக்காக முதலில் ஒரு டிவிடி வாங்க வேண்டியிருந்தது.

நெட் வேகம் இல்லாதவர்கள் என்ன செய்வது என்ற கேள்வி அமெரிக்காவிலேயே எழுந்தது. ஆப்பிள் ஸ்டோருக்கு மேக்கைத் தூக்கி வாருங்கள், எங்கள் நெட்டில் இறக்கிக்கொள்ளுங்கள் என்றது ஆப்பிள். ஆகஸ்டில் யுஎஸ்பி குச்சியில் போட்டும் விற்றது. விலை 69 டாலர். நெட் இல்லாதவர் கொடுக்க வேண்டியது இரண்டு மடங்குக்கும் மேல். ஸ்டோருக்கு வரச்சொன்ன யோசனையோ இந்தியாவில் செல்லாது. ஆப்பிளின் சொந்தக் கடை இந்தியாவில் முதன்முதலாகத் திறக்கப்பட்டது 2023 ஏப்ரல் 18-ம் தேதி, மும்பையில்.

2011 கடைசியில் இந்தியாவின் பிராட்பேண்ட் இணைப்புகள் சுமார் 1.3 கோடி. மக்கள்தொகை 121 கோடி. அந்த இணைப்புகளுக்கும் இலக்கணம் 256 கிலோபிட்தான். அந்த வேகத்தில் லயன் இறங்க ஒன்றரை நாளாகும். சங்கரன்கோவிலில் மேக் வைத்திருந்தவர் மிகச் சிலரே என்பதால் இது ஊரைத் தொடாமல் போயிருக்கும். ஆனால் ஆப்பிள் போட்ட தடத்தில் மைக்ரோசாஃப்டும் நடக்கத் தொடங்கியபோது விஷயம் ஊருக்குள் வந்தது.

மூன்றாவது செய்தி நம்முடையது. செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். ஐந்தாண்டில் 68 லட்சம் பேருக்கு என்பது இலக்கு. அந்த மடிக்கணினிகளில் இரண்டு ஓஎஸ்கள் இருந்தன: மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். அதற்கும் முன்பே, சி. உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்த காலத்தில், அரசு நிறுவனமான எல்காட் சூஸே லினக்ஸுக்கு மாறியிருந்ததை முந்தைய அத்தியாயம் ஒன்றில் பார்த்தோம். இப்போது, வீட்டில் முதன்முறையாகக் கம்ப்யூட்டரைப் பார்த்த லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு ஓஎஸ் என்பது வாங்கும்போதே உள்ளே இருப்பது என்றானது. அது கெட்டுப்போனால் மறுபடி எங்கிருந்து போடுவது என்ற கேள்வியும் அன்றே தொடங்கியது.

கரண்ட் இருந்தால்தானே

டவுன்லோடு காலம் தமிழ்நாட்டுக்கு வந்த நேரம் மிக மோசமான நேரம். 2012-ல் மாநிலம் கண்ட மின்வெட்டை விசைத்தறி ஓட்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு ஒன்றிரண்டு மணி நேரம். மற்ற மாவட்டங்களில் பத்து மணி, பன்னிரண்டு மணி, சில நாட்களில் அதற்கும் மேல். சங்கரன்கோவில் தறியை நம்பிய ஊர். தறிச் சத்தம் நின்றால் ஊரே நின்றதுபோலத்தான்.

அந்த ஆண்டு மார்ச் 18-ம் தேதி சங்கரன்கோவில் சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல். அமைச்சராக இருந்த சொ. கருப்பசாமி காலமானதால் வந்த தேர்தல். மின்வெட்டுதான் மேடைக்கு மேடை பேச்சு. அ.தி.மு.க. வேட்பாளர் முத்துச்செல்வி 68 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வாக்குப்பதிவு முடிந்த மறுநாளே, மார்ச் 19-ம் தேதி, கூடங்குளம் அணுமின் நிலையப் பணிகளைத் தொடர மாநில அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தேர்தலும் மின்சாரமும் எப்படிப் பின்னிக்கிடந்தன என்பதற்கு அந்த இரண்டு தேதிகளே போதும்.

இந்த இருட்டுக்கு நடுவில், 2012 அக்டோபர் 26-ல் விண்டோஸ் 8 வந்தது. மைக்ரோசாஃப்ட் டிவிடிப் பெட்டியையும் விற்றது. ஆனால் ஆசை காட்டியது டவுன்லோடுக்குத்தான். நெட்டில் இறக்கி அப்கிரேட் செய்தால் 1,999 ரூபாய். 2012 ஜூன் 2-க்குப் பிறகு விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு 699 ரூபாய். சலுகை 2013 ஜனவரி 31 வரை. உரிமமுள்ள விண்டோஸுக்கு அது மலிவான விலை. காப்பி சிடிக்குப் பழகிய ஊர்க்காரர் ஒருவர் ஒழுங்காகக் காசு கொடுத்து வாங்கலாம் என்று நினைத்தாலும், அவருக்கு வேண்டியவை மூன்று: நெட்டில் பணம் கட்ட கார்டு, சில ஜிபி டேட்டா, இறங்கி முடியும்வரை கரண்ட். மோடமுக்கும் யுபிஎஸ் வேண்டும் என்பதைப் பலர் அந்த ஆண்டுதான் கற்றுக்கொண்டார்கள்.

கூடங்குளம் முதல் அலகு தென்மண்டல மின்தொகுப்பில் இணைந்தது 2013 அக்டோபர் 22-ம் தேதி. அதே தேதியில்தான் ஆப்பிள் ‘மேவரிக்ஸ்’ ஓஎஸ்ஸை வெளியிட்டது. இந்த முறை டிவிடியும் இல்லை, விலையும் இல்லை, இலவச டவுன்லோடு.

பென்டிரைவ் பிடித்த இடம்

சிடிக்கும் டவுன்லோடுக்கும் நடுவே ஒரு இடைக்காலம் இருந்தது. பெருநகரங்களில் அது சீக்கிரம் கடந்துபோனது, சிறுநகரங்களில் நீண்டது. அதன் நாயகன் பூட்டபிள் பென்டிரைவ்.

கம்ப்யூட்டரில் சீக்கிரம் கெட்டுப்போகும் உறுப்புகளில் ஒன்று சிடி டிரைவ். தூசி படிந்த லென்ஸ் தட்டைப் படிக்காது. புதிய ஒல்லி லேப்டாப்களில் டிரைவே இல்லை. 2011 கடைசியில் வெளியான ரூஃபஸ் போன்ற இலவசக் கருவிகள், ஓஎஸ் தட்டின் முழு நகலான இமேஜைச் சில நிமிடங்களில் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தன. சர்வீஸ்காரர்களின் பையிலிருந்து சிடி பவுச் போய், சாவிக்கொத்தில் நான்கு பென்டிரைவ் தொங்கத் தொடங்கியது. ஒன்றில் விண்டோஸ் 7, ஒன்றில் 8.1, ஒன்றில் உபுண்டு, ஒன்றில் டிரைவர்களும் ஆன்டிவைரஸும். நல்ல நெட் உள்ள ஒருவர் ஒருமுறை இறக்கினால் போதும், ஊருக்கே ஓடும். பழைய முறைதான், ஏறி வந்த வண்டி மட்டும் புதியது. ‘டவுன்லோடு மட்டும்’ என்று நிறுவனங்கள் சொன்ன திட்டத்தை ஊர் இப்படித்தான் தன் வசதிக்கு வளைத்துக்கொண்டது.

2015 ஜூலை 29-ல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட் எதிர்த்திசையில் போனது. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டுக்கு இலவச அப்கிரேட். அரசு மடிக்கணினியில் இருந்த 7 ஸ்டார்ட்டருக்கும் அந்தத் தகுதி உண்டு. திரையின் ஓரத்தில் வெள்ளைக் கொடிபோல ஒரு ஐகான் வந்து உட்கார்ந்துகொண்டு, அப்கிரேட் செய்யச் சொல்லி நச்சரித்தது. அதோடு நிற்கவில்லை. தானியங்கி அப்டேட்டை அனுமதித்திருந்த கம்ப்யூட்டர்களில், கேட்காமலேயே 6 ஜிபி வரை கோப்புகளை மறைவான ஒரு ஃபோல்டரில் இறக்கி வைத்தது. செப்டம்பரில் மைக்ரோசாஃப்டே இதை ஒப்புக்கொண்டது.

அந்த ஆண்டு இந்தியாவில் 1 ஜிபி 3ஜி டேட்டா சுமார் 250 ரூபாய். டாங்கிள் போட்டு நெட் பார்த்தவருக்கு, அவர் கேட்காத ஓஎஸ் ஒன்று பல மாத டேட்டாவை விழுங்கும் சங்கதி இது. சிடி காலத்தில் ஓஎஸ் மாறவேண்டுமானால் யாரோ ஒருவர் தட்டைப் போட்டாக வேண்டும். எப்போது மாறுவது என்ற முடிவு வீட்டுக்காரருடையது. அந்த முடிவு கைமாறியது 2015-ல்தான். தானாக இறங்கும் அப்டேட்டைக் கட்டுப்படுத்தும் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்ற ஸ்விட்சைத் தேடிப்பிடித்துப் போட்டுவைப்பது, ஊர் சர்வீஸ்காரர்களின் புதிய கைவைத்தியம் ஆனது.

அதே விண்டோஸ் 10-ல் இன்னொன்றும் இருந்தது. ஒரு கம்ப்யூட்டர் இறக்கிய அப்டேட்டை அதே நெட்வொர்க்கில் உள்ள மற்ற கம்ப்யூட்டர்கள் வாங்கிக்கொள்ளும் வசதி. நம்மூர்க்காரர்கள் நீரோவும் பென்டிரைவும் வைத்துச் செய்துகொண்டிருந்ததை, மைக்ரோசாஃப்ட் மென்பொருளாக எழுதிவிட்டது.

ஜியோவுக்குப் பிறகு

2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்தது. 2017 மார்ச் வரை டேட்டா இலவசம். அதற்குப் பிறகும் ஒரு நாளைக்கு 1 ஜிபி என்ற கணக்கு. மாதத்துக்கு 1 ஜிபியைச் சிக்கனமாகச் செலவழித்த ஊரில் இது என்ன செய்தது என்பதற்குத் தனி அத்தியாயம் தேவை. நம் கதைக்கு ஒரு விளைவு போதும். ஓஎஸ் அப்டேட் என்ற சொல்லையே கேள்விப்படாதவர்களின் கைபேசியிலும், ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கும்போது ஆண்ட்ராய்டு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்தது. தட்டையே பார்க்காத ஒரு தலைமுறை வந்தது. 2018 செப்டம்பரில் மோசர் பேர் நிறுவனத்தைக் கலைக்கத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

சங்கரன்கோவிலிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் இருக்கிறது தென்காசி. அதன் பக்கத்து மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்ததும் 2011-ல்தான். சிடியும் வேண்டாம், இன்ஸ்டாலும் வேண்டாம், பிரவுசரைத் திறந்தால் போதும் என்ற வகை மென்பொருளை விற்கும் நிறுவனம் அது. கலிஃபோர்னியாவில் ஆப்பிள் டிவிடிக்கு முழுக்குப் போட்ட அதே ஆண்டில், தட்டில் ஏறவே ஏறாத மென்பொருளைத் தென்காசிக்காரப் பிள்ளைகள் எழுதத் தொடங்கினார்கள். 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானபோது சங்கரன்கோவிலும் அதில் சேர்ந்தது.

2021 அக்டோபர் 5-ல் வந்த விண்டோஸ் 11-ன் இமேஜ் 5 ஜிபிக்கு மேல். 4.7 ஜிபி கொள்ளும் சாதாரண டிவிடியில் அதை எழுத நினைத்தாலும் இடமில்லை. அதன் ஹோம் பதிப்பை முதன்முறை அமைக்கும்போதே நெட் கேட்கிறது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சிப் உள்ள கம்ப்யூட்டர்களை அது பெரும்பாலும் ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. அரசு கொடுத்த அந்தப் பழைய மடிக்கணினிகளுக்கு இப்போது மிச்சமிருக்கும் நல்ல வழி லினக்ஸ்தான். அதையும் இறக்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இன்று அது அரை மணி வேலை.

மொத்தத்தில், சிடியை ஒழித்த பெருமையை எந்த நிறுவனத்துக்கும் கொடுக்க முடியாது. ஷில்லரின் அறிவிப்புக்குப் பிறகும் ஐந்தாறு ஆண்டுகள் இந்த ஊர்களில் தட்டும் பென்டிரைவும்தான் வண்டி ஓட்டின. கரண்ட் நிலைத்து, டேட்டா மலிந்த பிறகே டவுன்லோடு இங்கே பழக்கமானது. அதுவரை இடைவெளியை நிரப்பியவர்கள், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தவர்களும் தோள்பையோடு வீடுவீடாகப் போன சர்வீஸ்காரர்களும்தான்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோவிலோ பழைய பத்திரிகை சிடிகள், உபுண்டு அட்டை உறைகள், தமிழ் எழுத்துரு மென்பொருள் சிடிகள் இருந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வீட்டில் எழுதிய சிடிகளின் சாயம் காலப்போக்கில் மங்கும்; இன்னும் சில ஆண்டுகளில் படிக்க முடியாமல் போகலாம். படிக்கும் நிலையில் இருக்கும்போதே இமேஜ் எடுத்து ஹார்ட் டிஸ்கில் சேமித்து வையுங்கள். அடுத்த இதழில், மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்த செல்போன் கடைகளின் கதை.

(தொடரும்)